ஓவியர் புத்தகங்களும் ஓவியர் இதழ்களும்

ஓவியரோ சிற்பியோ ஒரு புத்தகத்தையோ பத்திரிகையையோ தன் கலைப்படைப்பாகவே உருவாக்கினால் அது ஓவியர் புத்தகம், ஓவியர் இதழ் எனப்படுகிறது. ஓவியங்களைப் படமெடுத்து அச்சிட்ட தொகுப்புகள் இந்த வகையில் சேராது. ஓர் ஓவியரின் வாழ்வையும் பணியையும் விளக்கும் நூல்களும் சேராது. தாளின் அளவு, பக்கங்களின் வரிசை, புரட்டும்போது கண்ணுக்குக் கிடைக்கும் இடைவெளி, தையல், மை எல்லாம் கூடியதே படைப்பு. ஆயிரம் பிரதி அச்சானால் ஆயிரமும் மூலம்தான்.

இந்த வகைக்கு எல்லோரும் முதலில் சுட்டும் நூல், அமெரிக்க ஓவியர் எட் ரூஷே 1963-இல் வெளியிட்ட ‘ட்வென்டிசிக்ஸ் கேசலின் ஸ்டேஷன்ஸ்’. லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்த அவர், தான் வளர்ந்த ஓக்லஹோமா நகருக்குப் போகும் சாலையில் இருந்த பெட்ரோல் பங்குகளைப் படமெடுத்தார். 26 பங்குகள், கறுப்பு வெள்ளைப் படங்கள், கீழே பெயரும் ஊரும் மட்டும். முன்னுரை கிடையாது, விளக்கம் கிடையாது. முதல் பதிப்பு 400 பிரதிகள். அழகான படம் எடுக்க வேண்டும் என்ற முயற்சியே அவற்றில் தெரியாது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தப் புத்தகத்தை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. ரூஷே சோர்ந்துவிடவில்லை. நூலகம் நிராகரித்த செய்தியையே தலைப்பாக்கி, 1964-இல் ‘ஆர்ட்ஃபோரம்’ இதழில் புத்தகத்துக்கு விளம்பரம் கொடுத்தார்.

முதல் நூல் வெளிவந்து மூன்றாண்டுகள் கழித்து அவர் செய்த நூல் இன்னும் துணிச்சலானது. ஓடும் வண்டியில் கேமராவைப் பொருத்தி, லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் ஸ்ட்ரிப் சாலையில் இருபுறமும் உள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் படமெடுத்தார். படங்களை ஒட்டி மடித்த ஒரே நீளத் தாளாகப் புத்தகமாக்கினார். மேற்புறம் சாலையின் ஒரு பக்கம், கீழ்ப்புறம் தலைகீழாக மறுபக்கம், நடுவில் வெற்றுவெளி. விரித்தால் ஏறத்தாழ 25 அடி நீளும். அதைப் பார்க்க வாசகர் நடந்தாக வேண்டும். சுவரில் மாட்டிய ஓவியத்தால் இதைச் செய்ய முடியாது.

ரூஷேவுக்கு முன்னோடிகள் உண்டு. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 1789-இல் தன் பாடல்களையும் சித்திரங்களையும் ஒரே செப்புத்தகட்டில் பொறித்துத் தானே அச்சிட்டார். பாரிஸில் சோனியா டெலோனேயும் கவிஞர் பிளேஸ் சென்ட்ரார்ஸும் 1913-இல் சைபீரிய ரயில் பயணத்தைப் பற்றி இரண்டு மீட்டர் நீளமுள்ள மடிப்பு நூல் ஒன்றை உருவாக்கினார்கள். 150 பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஈஃபில் கோபுரத்தின் உயரம் வரவேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அத்தனை பிரதிகள் அச்சாகவில்லை. அதே பிரான்சில், பெரிய ஓவியர்களின் லித்தோ அச்சுகளை உயர்ந்த தாளில் பதித்து, சில நூறு செல்வர்களுக்கு விற்கும் மரபும் இருந்தது. கலை வணிகர் அம்ப்ரூவாஸ் வொல்லார் 1900-இல் பியர் போனாரின் படங்களோடு வெளியிட்ட வெர்லேனின் கவிதை நூல் அதற்கு எடுத்துக்காட்டு. அழகில் குறைசொல்ல முடியாதவை அவை. ஆனால் 1960-களின் ஓவியர்கள் அந்த மரபிலிருந்து விலகவே விரும்பினார்கள். ஆஃப்செட், சைக்ளோஸ்டைல், ஜெராக்ஸ் என்று அச்சு மலிவாகிவிட்டது. கலைக்கூட உரிமையாளரின் தயவில்லாமல் தபாலிலேயே மக்களைச் சென்றடையலாம் என்ற வழி அவர்கள் கண்ணெதிரே திறந்திருந்தது.

நியூயார்க்கைச் சேர்ந்த சேத் சீகலாப் 1968-இல் கலைக்கூடமே இல்லாமல் ஒரு கண்காட்சியை நடத்தினார். சால் லெவிட், ஜோசப் கோசுத், கார்ல் ஆந்த்ரே உள்ளிட்ட ஏழு கலைஞர்களுக்கு ஆளுக்கு 25 பக்கம் ஒதுக்கினார். அந்தப் பக்கங்கள்தான் கண்காட்சி. ராபர்ட் பேரி தன் 25 பக்கங்களையும் புள்ளிகளால் நிரப்பினார், மொத்தம் பத்து லட்சம் புள்ளிகள். இன்று எல்லோரும் ‘ஜெராக்ஸ் புத்தகம்’ என்றுதான் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் ஆயிரம் பிரதிகளை ஜெராக்ஸ் எடுக்கச் செலவு மிகுதியாக இருந்ததால் அது ஆஃப்செட்டில்தான் அச்சானது.

ஐரோப்பாவில் டீட்டர் ரோத் புத்தகம் என்ற பொருளையே குடைந்து பார்த்தார். தாள்களில் துளையிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் வழியாகவும் அடுத்த பக்கம் தெரியுமாறு நூல்கள் செய்தார். நூல்களையும் செய்தித்தாள்களையும் அரைத்து, கொழுப்பும் மசாலாவும் கலந்து, குடலுறையில் அடைத்துத் தொங்கவிட்டார். 1974-இல் தத்துவவாதி ஹெகலின் 20 தொகுதிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. மெக்சிகோவிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய உலிசஸ் கர்ரியோன் இந்தத் துறையின் தெளிவான சிந்தனையாளர். புத்தகத்தை ஒன்றன்பின் ஒன்றாக வரும் வெளிகளின் வரிசையாகப் பார்க்கச் சொன்ன அவருடைய கட்டுரை 1975-இல் வெளிவந்தது. ஓவியர் புத்தகங்களுக்கென்றே ஒரு கடையையும் அதே ஆண்டில் அவர் திறந்தார்.

இதழ்களின் கதை வேறு. புத்தகம் ஒருமுறை முடிந்துவிடும். இதழ் அடுத்த மாதமும் வந்தாக வேண்டும். சந்தா, தபால் செலவு, நண்பர்களுக்குள் மனஸ்தாபம் என்று அத்தனையையும் தாங்கி நிற்க வேண்டும். ஜப்பானில் யோஷிஹாரா ஜிரோ தலைமையிலான குட்டாய் குழு 1955-இல் தொடங்கிய இதழ், நேரில் பார்க்க வாய்ப்பில்லாத அந்தக் குழுவின் கலையை உலகெங்கும் அனுப்பியது. 1956-இல் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் இறந்தபின் அவருடைய வீட்டு நூல்களிடையே குட்டாய் இதழ்கள் கிடைத்தன. ஓசாகாவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு மெல்லிய இதழ் போட்ட பாலம் அது.

இதழ் என்ற வடிவத்தையே பிரித்துப் போட்டது அமெரிக்காவின் ‘ஆஸ்பென்’. ஃபிலிஸ் ஜான்சன் 1965-இல் தொடங்கிய இந்த இதழ் பெட்டியில் வந்தது. 1966-இல் ஆண்டி வார்ஹால் பொறுப்பேற்ற இதழ் சலவைத்தூள் பெட்டியின் சாயலில் அமைந்தது. பிரையன் ஓ’டோஹர்ட்டி தொகுத்த 1967-ஆம் ஆண்டின் இரட்டை இதழ் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே சூப்பர்-8 படச்சுருள், இசைத்தட்டுகள், வாசகரே மடித்து நிறுத்த வேண்டிய டோனி ஸ்மித்தின் அட்டைச் சிற்பம், கட்டுரைகள். ஆசிரியனின் மரணத்தை அறிவித்த ரோலான் பார்த்தின் புகழ்பெற்ற கட்டுரை முதன்முதலில் அச்சானது இந்தப் பெட்டியில்தான். இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த இதழ் எது என்று கேட்டால் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அஞ்சல் துறையோ இதைப் பத்திரிகையாகவே ஏற்கவில்லை. சலுகைக் கட்டணத்தை இழந்த ‘ஆஸ்பென்’ 1971-இல் நின்றது.

கனடாவின் ‘ஜெனரல் ஐடியா’ குழு 1972-இல் ‘லைஃப்’ பத்திரிகையின் அட்டையை அப்படியே ஒத்த ‘ஃபைல்’ இதழைத் தொடங்கியது. லைஃபின் உரிமையாளர்கள் வழக்குத் தொடரப்போவதாக மிரட்டியதால் முகப்பு மாறியது. இதழ் 1989 வரை வந்தது. தென் அமெரிக்காவில் இதழ் நடத்தியவர்கள் கொடுத்த விலை இன்னும் கடுமையாக இருந்தது. ரப்பர் முத்திரையும் தபால் தலையுமாக இதழ் நடத்திய உருகுவேயின் கிளெமெந்தே பாதீனை அந்நாட்டு இராணுவ அரசு 1977-இல் சிறையில் அடைத்தது.

இந்தியாவில் இந்த மரபின் முதன்மையான இதழ் பரோடாவில் பிறந்தது. குலாம் முகம்மது ஷேக், பூபேன் கக்கர் இருவரும் 1969 முதல் 1973 வரை நடத்திய ‘விருச்சிக்’ மெலிந்த இதழ். அதில் ஓவியர்களின் லினோகட் அச்சுகள் இடம்பெற்றன. லலித் கலா அகாதமியின் நிர்வாகத்தை எதிர்த்து ஓவியர்களைத் திரட்டிய குரலும் அதுவே. தமிழில் நிலைமை சற்று மாறுபட்டது. 1970-இல் தொடங்கிய ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களை நடத்தியவர்கள் எழுத்தாளர்கள். கே. எம். ஆதிமூலம் முதலிய சென்னை ஓவியர்களின் கோடுகளுக்கு அவர்கள் இடம் தந்தார்கள். இவற்றை முழு ஓவியர் இதழ்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நவீன ஓவியத்தைக் கலைக்கூடத்துக்கே போகாத தமிழ் வாசகரின் கைக்குக் கொண்டுவந்தவை இவைதான்.

1994-இல் கீதா வுல்ஃப் சென்னையில் தொடங்கிய தாரா புக்ஸ், கைத்தாளில் கையாலேயே ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்த நூல்களால் உலகப் பெயர் பெற்றது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய கோண்டு ஓவியர்கள் மரங்களைக் கறுப்புத் தாளில் வரைந்த நூல் (2006) அவற்றுள் தலையாயது. பதிப்பகத்தின் கையும் ஓவியரின் கையும் சரிபாதியாகச் சேர்ந்த நூல் என்பதால் ரூஷேவின் வரிசையில் அதை வைப்பதா என்று வாதிடலாம். தொட்டுப் பார்த்தவர்கள் அந்த வாதத்தை நீட்டமாட்டார்கள்.

தமிழர் கைப்பட்ட ஓவியர் புத்தகங்களில் ஆழமானது யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனுடையது. ஷர்மினி பெரேராவின் ‘ரேக்கிங் லீவ்ஸ்’ பதிப்பகம் 2011-இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’வில், போரால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்கள். அதன்மேல் கட்டடக் கலைஞரின் அளவுப்படம், அடுத்து சனாதனனின் ஓவியம், கூடவே அவர்களின் வாய்மொழி. இப்படி 80 வீடுகள். தோம்பு, அதாவது காணிப் பதிவேடு என்ற அரசாங்க வடிவத்தை எடுத்து, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கிணற்றையும் திண்ணையையும் ஏற்றிய நூல் இது. அதற்கு முன் 2008-இல் அதே பதிப்பகம், சனாதனனும் முகன்னத் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகியோரும் தபாலில் பரிமாறிக்கொண்ட 208 ஓவியங்களை நூலாக்கியது. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கும் தெற்குக்கும் இடையே அந்த உறைகள் போய்வந்தன.

மலிவாகப் பரவவேண்டும் என்று பிறந்த இந்தக் கலையின் பழைய பிரதிகள் இன்று ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகின்றன. அருங்காட்சியகங்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரே பக்கம் தெரிய விரித்துவைக்கின்றன. புரட்ட முடியாத ஓவியர் புத்தகம் பாதிப் புத்தகம்தான். 1976-இல் சால் லெவிட், லூசி லிப்பார்ட் முதலியோர் நியூயார்க்கில் தொடங்கிய ‘பிரிண்டட் மேட்டர்’ கடை இன்றும் இவற்றை வாசகர் கையிலேயே கொடுக்கிறது.

இங்குள்ள நூலகங்களுக்கும் சிற்றிதழ் சேர்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய இதழ்களை ஆண்டுவாரியாக பைண்டு செய்யும்போது அட்டைகளைக் கிழித்தெறியாதீர்கள். ஓர் ஓவியர் அந்த இதழுக்கென்றே வரைந்த கோடு பல நேரம் அந்த அட்டையில் மட்டுமே இருக்கிறது.