குழலில் எஞ்சிய உப்பு

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிப் படித்தவர்கள் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையில் பூசியிருந்த கொழுப்பை மறந்திருக்க மாட்டார்கள். பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற ஐயம் ஓர் ஆட்சியையே உலுக்கியது. ஆயினும் அக்கொழுப்பு அங்கே எதற்காக இருந்தது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கருமருந்து எரிந்தபின், அதன் எடையில் பாதிக்குமேல் திடப்பொருளாகவே எஞ்சும். சில முறை சுட்டதும் அக்கசடு குழலின் உட்புரிகளில் இறுகி, அடுத்த குண்டை வாய்வழியே இறக்கவிடாது. அதை இளக்கமாக வைத்திருக்கவும் குண்டு வழுக்கி இறங்கவுமே கொழுப்பு.

கசடு என்ற சொல்லுக்கு வகுப்பறையில் எத்தனையோ முறை பொருள் விரித்திருக்கிறோம். ஆனால் கசடுகளுள் வகையுண்டு, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நீர்மம் வேண்டும் என்பதை நமக்குக் கற்பித்தது துப்பாக்கிகளின் வரலாறுதான். கருமருந்தின் கசடு பெரிதும் பொட்டாசிய உப்புகளால் ஆனது. ஆகவே அதற்கு ஏற்ற கரைப்பான் தண்ணீர். வெந்நீரை ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, குழல் காய்ந்தபின் எண்ணெய் தடவுவது பழைய வீரனின் அன்றாடக் கடமை. அவனுக்கு வேதியியல் தெரியாது, கை பழகியிருந்தது.

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். சில ஆண்டுகளில் பிரித்தானியர் கார்டைட்டைக் கொண்டுவந்தனர். (நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட தொழிற்சாலையின் பெயரிலேயே அந்தச் சொல் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது.) புதிய மருந்து சுட்டபின் குழலில் கரி குறைவு, உள்ளே பார்த்தால் பளபளப்பு. இனித் தண்ணீர் எதற்கு, எண்ணெய்த் துணியே போதும் என்று தோன்றியதில் வியப்பில்லை. லீ-என்ஃபீல்டின் கட்டைக்குள்ளேயே சிறு பித்தளை எண்ணெய்ப் புட்டியும், துணி கோத்து இழுக்கும் கயிறும் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் குழல்கள் துருப்பிடித்தன. மாலையில் துடைத்து எண்ணெயிட்ட துப்பாக்கி, ஈரமான இரவொன்று கழிந்தபின் உள்ளே செம்மை காட்டும். அழுக்குத் துப்பாக்கி இராணுவத்தில் தண்டனைக்குரிய குற்றம். துடைத்தவன் துடைத்தேன் என்பான். குழல் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். சோம்பலென்று எழுதப்பட்ட குற்றங்களுள் எத்தனை உண்மையில் வேதியியலின் குற்றங்களோ என்று எண்ணும்போது நமக்கு மனம் கனக்கிறது.

குற்றவாளி மருந்தில் இல்லை, தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரில் இருந்தது. ஊசி தட்டியதும் தீப்பொறி தரும் அக்கலவையில் பொட்டாசியம் குளோரேட்டு சேர்த்திருந்தார்கள். அது எரிந்து பொட்டாசியம் குளோரைடாக மாறும். நம் அடுக்களை உப்பின் உடன்பிறப்பு அது. காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். முன்பு கருமருந்தின் பெருங்கசடோடு இந்த உப்பும் கலந்து, அதைக் கழுவும்போது தானும் போய்விட்டது. இப்போது அது தனியே குழலில் படிந்தது. எண்ணெய் உப்பைக் கரைக்காது. அதன்மேல் போர்வைபோலப் படிந்து நிற்கும், அவ்வளவே. அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் 1922இல் வெளியிட்ட ஆய்வு இதை ஐயமற நிறுவியது. பிரித்தானிய வீரர்களோ ஏற்கெனவே புனல் வைத்து வெந்நீரைக் குழலில் ஊற்றும் வழக்கத்தில் இருந்தார்கள். போர்க்களத்தில் வெந்நீர் எப்போதும் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

இன்னொரு கசடும் இருந்தது. செம்பும் நிக்கலும் கலந்த உறையிட்ட குண்டுகள் குழலின் சுவரில் உலோகத்தையே பூசிச் சென்றன. இதற்குத் தண்ணீரும் உதவாது, எண்ணெயும் உதவாது, அம்மோனியா வேண்டும். அமெரிக்கர்கள் அம்மோனியாக் கரைசலில் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டைச் சேர்த்து, குழலின் ஒருமுனையை அடைத்து நிரப்பி வைத்தார்கள். செம்பு கரைந்தால் கரைசல் நீலமாகும். ஆனால் அதைக் குழலிலேயே உலரவிட்டால் எஃகில் குழி விழும். மருந்தே நஞ்சாகும் கதைதான்.

1903இல் ஃபிராங்க் ஆகஸ்ட் ஹாப்பி விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஹாப்பீஸ் நம்பர் 9', அமில் அசிட்டேட்டின் வாழைப்பழ மணத்தோடு பலரின் நினைவில் தங்கிவிட்டது. மருந்துக் கரியை அகற்ற அது நல்லது. ஆனால் ஒரே புட்டியில் எல்லாக் கசடுக்கும் தீர்வு கிடைத்துவிட்டது என்று நம்பியவர்களைத்தான் உப்பு ஏமாற்றியது.

1928இல் ஜெர்மனியில் சினாக்சிட் என்ற, குளோரேட்டு இல்லாத பிரைமர் வந்தது. இராணுவங்கள் மெதுவாகவே மாறின. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கரின் எம்1 கார்பைனுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே துருவேற்றாத தோட்டாக்கள் தரப்பட்டன. அதன் வாயு உந்தியை வீரன் கழற்றிக் கழுவ வழியில்லை என்பதே காரணம். மற்றத் துப்பாக்கிகளை ஏந்தியவர்கள் 1950கள் வரை கழுவிக்கொண்டிருந்தார்கள். பழைய இராணுவத் தோட்டாக்களை வாங்கிச் சுடும் ஆர்வலர்கள் இன்றும் எண்ணெய்ப் புட்டியைத் திறக்குமுன் அடுப்பில் வெந்நீர் வைக்கிறார்கள்.