சிலுவை ஏறிய பொட்டு

திருநெல்வேலிப் பக்கம் நகை மதிப்பீட்டு வேலையில் இருப்பவனிடம் வருகிறவர்கள் எடை, மாற்று, எவ்வளவு கிடைக்கும் என்று மூன்றைத்தான் கேட்பார்கள். பழைய தாலி என்றால் மட்டும் கேள்வி மாறும். "சார், இது எங்க ஆச்சி கழுத்துல கிடந்தது. எந்தப் பக்கத்து வேலைன்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்று ஓர் அம்மா காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சிறிய பொட்டுத் தாலி ஒன்று, நடுவில் சிலுவை.

பொன் நகைக்கு ஹால்மார்க் முத்திரை நம் நாட்டில் வந்ததே 2000-இல்தான். அதற்கு முந்தையதை அதன் உருவத்தையும் வேலைப்பாட்டையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சிலுவை இருப்பதால் கேரளத்து மின்னாக இருக்குமோ என்று முதலில் பார்த்தேன். சிரியன் கிறிஸ்தவர்களின் மின்னு சின்ன ஆலிலை வடிவம். அதன்மேல் பொடிப்பொடிப் பொன்மணிகளைச் சிலுவையாகப் பதித்திருப்பார்கள். கல்யாணத்தில் மணமகன் கொடுக்கும் மந்திரகோடிப் புடவையில் உருவிய நூலில் அதைக் கோப்பது அவர்கள் வழக்கம். இதுவோ வட்டப் பொட்டு. தமிழ்நாட்டு இந்து வீடுகளில் கட்டுகிற அதே வடிவம்தான்.

லென்ஸை வைத்தேன். சிலுவையைச் சுற்றிப் பொடி வைத்துப் பற்றவைத்த வரம்பு தெரிந்தது. பொட்டின் பொன் சிவப்போடியது. சிலுவையின் பொன் வெளிர் மஞ்சள். உரைகல்லில் இரண்டையும் தனித்தனியாக இழுத்தபோது கோடுகளும் வேறு வேறாக விழுந்தன. வெறும் பொட்டாகச் செய்த தாலியில் பிறகுதான் சிலுவை ஏறியிருக்கிறது.

இப்படிச் சிலுவை ஏறுவதற்குப் பின்னால் ரோமாபுரி வரை போன ஒரு வழக்கு உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, இந்நாட்டு வழக்கங்களை விட்டுவிடாமலே கிறிஸ்தவராக இருக்கலாம் என்றார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றுக்கு 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். ஆனாலும் சச்சரவு ஓயவில்லை. மதுரை மிஷனின் இயேசு சபையார் வழக்கங்களுக்கு இடம் கொடுப்பதாகப் புதுச்சேரியில் இருந்த கப்புச்சின் துறவிகள் முறையிட்டார்கள். விசாரிக்கப் பாப்பரசரின் தூதராக வந்தவர் தூர்னோன். 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கிய அவர், 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை பிறப்பித்தார்.

அந்த ஆணை தாலியையும் தொட்டது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது. மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறும் கூடாது. அதே சமயம் தாலியே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. கழுத்தில் தாலி இல்லாவிட்டால் ஊரார் அவளை மணமானவளாக மதிப்பார்களா? ஆகவே சிலுவையோ, இயேசு அல்லது மாதாவின் உருவமோ பொறித்த தாலியை அணியலாம் என்று வழிவிட்டது. நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின், 1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் இந்த வழக்குக்கு முடிவு கட்டினார். தாலி நிலைத்தது, அதன் முகம்தான் மாறியது. இன்று சிலுவை, புறா, திறந்த வேதாகமம் எனப் பல உருவங்களில் கிறிஸ்தவத் தாலி கிடைக்கிறது.

அந்த அம்மாவின் தாலி 1704-ஐச் சேர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றேன். வளையத்தின் தேய்மானத்தைப் பார்த்தால் ஒன்றிரண்டு தலைமுறைக் கழுத்துக்குத்தான் கணக்கு வரும். ஆணை பழையது, அதன்படி நடந்துகொள்ளும் பழக்கம்தான் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. இன்னொன்றையும் காட்டினேன். வளையத்தின் உள்மடிப்பில் கெட்டியாக அப்பியிருந்தது மஞ்சள். பொட்டின்மேல் என்ன உருவம் இருக்க வேண்டும் என்பதைத் திருச்சபை தீர்மானித்தது. அது எந்தக் கயிற்றில் தொங்க வேண்டும் என்பதை வீட்டுப் பெண்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

சிலுவையை ஏற்றியது அந்த வீடு வேதத்துக்கு வந்தபோதா, வேறொரு வீட்டுப் பொட்டு கைமாறி வந்தபோதா என்பதை உரைகல் சொல்லாது. "ஆச்சி கல்யாணம் நடந்த பங்குக் கோயிலில் திருமணப் பதிவேடு இருக்கும். அதில் பெற்றோர் பெயரும் ஊரும் போட்டிருப்பார்கள், அங்கே கேளுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். உருக்கினால் ஒரு கிராம் சொச்சம்தான் தேறும். பதிவேட்டைப் பார்க்கும்வரை உருக்கக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.