சேர்விடாப்பில் இருக்கும் வரலாறு
கிராமத்து ஆரம்பப் பாடசாலையும் முதலாம் தர அனுமதியும்

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றைப் பெரியவர்களின் பெயர்களாலும் பெரிய கல்லூரிகளாலுமே நாம் இதுவரை எழுதி வந்திருக்கிறோம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, 1892இல் மருதானையில் உருவான ஸாஹிறா, அதன் அதிபராக 1948 முதல் 1961 வரை இருந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இரு தடவைகள் கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூத் என்று அந்தப் பட்டியல் போகும். அது வேண்டிய வரலாறுதான். ஆனால் அதற்குள் எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் இல்லை. தகரக் கூரையின் கீழ் அரிச்சுவடி படித்த பிள்ளை யார், அவன் ஏன் அங்கே சேர்ந்தான், பக்கத்து ஊர்ப் பெரிய பாடசாலைக்கு ஏன் போகவில்லை என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடைக்காது.

விடை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பாடசாலையின் அலுமாரியிலும் சேர்விடாப்பு என்றொரு தடித்த புத்தகம் உண்டு. சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, பாதுகாவலர், வதிவிடம், சமயம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம் என்று நிரல்கள் ஓடும். பல வருடங்களாக ஆரம்பப் பிரிவில் கற்பிப்பவன் என்ற வகையில் இந்தப் புத்தகத்தோடு எனக்குப் பழக்கம் அதிகம். ஒவ்வொரு வருடமும் ஊரில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சேர், புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல போடலாம்?" நிகழ்காலக் கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்கு நூற்றைம்பது வருட வரலாறு உண்டு. அதை விளங்கிக்கொண்டால் இன்றைய அனுமதிச் சுற்றறிக்கையும் விளங்கும்.

கால் மைல்

எங்கள் ஊர்களில் முதலில் இருந்தது ஓதப்பள்ளி. லெப்பையின் வீட்டுத் திண்ணையிலோ பள்ளிவாசலின் பக்கத்திலோ பிள்ளைகள் குர்ஆன் ஓதினார்கள், அறபுத்தமிழ் வாசித்தார்கள். அங்கே சேர்வதற்கு விண்ணப்பப் படிவமும் புள்ளியும் இருக்கவில்லை. உம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஒப்படைத்தால் அதுவே அனுமதி.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. தனியார் நடத்தும் பாடசாலைகளுக்கு அரசு உதவி நன்கொடை கொடுக்கும் முறை பரவியது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு, ஆசிரியரும் கட்டடமும் நிருவாகமும் ஏற்கெனவே கையில் வைத்திருந்த மிஷனரிமாருக்கே போனது. முஸ்லிம் பெற்றோரோ பிள்ளையின் ஈமான் பறிபோய்விடும் என்று பயந்து மிஷன் பாடசாலைப் பக்கம் போகவில்லை. அந்தப் பயத்தை இன்று அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. பைபிள் பாடம் நாளாந்தக் கல்வியோடு சேர்ந்திருந்த காலம் அது. சித்திலெப்பை இதற்குக் கண்ட வழி, நவீன கல்வியும் மார்க்கமும் சேர்ந்த பாடசாலையை நாமே தொடங்குவது. 1884இல் கொழும்பில் அவர் தொடங்கிய மத்ரஸா அப்படிப்பட்டதுதான்.

ஆனால் நாமே தொடங்குவதற்கும் ஒரு தடை வந்தது. 1890களின் தொடக்கத்தில் வந்த கால் மைல் விதியின்படி, ஏற்கெனவே உள்ள ஒரு பாடசாலையிலிருந்து கால் மைலுக்குள் புதிதாகத் தொடங்கப்படும் பாடசாலைக்கு அரச நன்கொடை கிடையாது. பௌத்தர்கள் இதற்கெதிராகக் கடுமையாகப் போராடினார்கள். முஸ்லிம் ஊர்களின் அமைப்பை வைத்துப் பார்த்தால் இந்த விதியின் பாரம் எங்களுக்கும் விளங்கும். வளவோடு வளவு ஒட்டி, பள்ளிவாசலைச் சுற்றி நெருங்கி வாழும் ஊர்கள் எங்களுடையவை. அங்கே கால் மைல் என்றால் சில வேளை பாதி ஊர். தூரம் என்ற அளவுகோல் பாடசாலைச் சட்டத்துக்குள் அப்படி நுழைந்தது. அன்று அளந்தது பாடசாலைக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரத்தை. இன்று அளப்பது வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரத்தை.

சமயம் என்ற நிரல்

1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களின் பெயரோடு சேர்ந்தது இது. சுயபாஷைப் பாடசாலைகளில் முன்பும் கட்டணம் இருக்கவில்லை. கட்டணத்தால் மூடியிருந்த ஆங்கிலப் பாடசாலைகளின் கதவைத்தான் இது திறந்தது. தாய்மொழிக் கல்வி கட்டாயமாகி வந்த காலத்திலும் முஸ்லிம்களுக்குப் போதனா மொழியைத் தெரிவு செய்யும் உரிமை விடப்பட்டிருந்தது. தெற்கிலும் மலையகத்திலும் இன்றும் எங்கள் பெற்றோர் தமிழா சிங்களமா என்று முதலாம் தரத்திலேயே முடிவெடுக்க நேர்வது அந்த வரலாற்றின் தொடர்ச்சிதான்.

அடுத்த பெரிய மாற்றம் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. மிஷன் பாடசாலை அரச பாடசாலையானது. மதமாற்றப் பயம் இனி இல்லை, யாரும் போகலாம் என்றுதான் ஊர் நினைத்தது. அனுமதிச் சுற்றறிக்கைகளில் ஒரு வாசகம் மட்டும் தொடர்ந்து வருகிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொறுப்பேற்கப்பட்ட பாடசாலைகளில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பொறுப்பேற்ற வேளையில் அங்கே படித்த பிள்ளைகளின் சமய விகிதாசாரம் கவனத்தில் கொள்ளப்படும் என்பது அதன் சாரம்.

இந்த வாசகத்தை நின்று யோசிக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஒரு மிஷன் பாடசாலையில் பொறுப்பேற்ற நாளில் 100 பிள்ளைகளில் 6 பேர் முஸ்லிம்கள் என்று வைத்துக்கொள்வோம். அயலிலுள்ள முஸ்லிம் குடும்பங்கள் அதன்பின் பல மடங்காகியிருக்கலாம். விகிதம் கணக்கிடப்படுவது அந்த 6இலிருந்துதான். ஏன் அன்று 6 பேர் மட்டும்? அவர்களின் வாப்பாவும் அப்பாவும் அங்கே போகப் பயந்தார்கள். அன்று போகாதவர்களின் பயம் சேர்விடாப்பின் சமய நிரலில் ஓர் எண்ணாகப் பதிந்து, இன்று போக விரும்பும் பேரப்பிள்ளையின் முன்னால் வந்து நிற்கிறது. இந்த விதியின் நோக்கம், அந்தப் பாடசாலைகளைக் கட்டிய சமூகங்களின் இடத்தைப் பாதுகாப்பது. அது நியாயமற்றதென்று நான் வாதிடவில்லை. அதன் விளைவு எங்கள் பிள்ளைகளில் எப்படி விழுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்றைய புள்ளிக் கணக்கு

இன்றைய நடைமுறைக்கு வருவோம். முதலாம் தர அனுமதிக்குக் கல்வி அமைச்சு வருடாவருடம் சுற்றறிக்கை வெளியிடுகிறது. 2007இல் உயர் நீதிமன்றம் அன்றைய சுற்றறிக்கை சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தீர்த்த பிறகு விதிகள் திருத்தி எழுதப்பட்டன. அதன்பின் நீண்ட காலம் நிலைத்த பங்கீடு இப்படி: அண்மையில் வசிப்போர் 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகள் 25, ஏற்கெனவே படிப்போரின் சகோதரர் 15, கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகள் 5, இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தரின் பிள்ளைகள் 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோரின் பிள்ளைகள் 1. சில்லறை மாற்றங்கள் அவ்வப்போது வருவதால் அந்தந்த வருடச் சுற்றறிக்கையைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

அண்மையில் வசிப்போர் பிரிவில் மொத்தப் புள்ளி 100. அதில் 50 தூரத்துக்கு. வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் இடையில், பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கழியும். மூன்று பாடசாலைகளைத் தாண்டிப் போக விரும்பினால் 15 போய்விடும், கையில் மிஞ்சுவது 35. மற்ற 50 புள்ளியும் வாக்காளர் இடாப்புப் பதிவு, வீட்டு உறுதி, ஏனைய ஆவணங்கள் என்று வதிவிடத்தை நிரூபிக்கும் கடதாசிகளுக்கு.

இந்தக் கடதாசிகள் எங்கள் வாழ்க்கை முறையோடு எங்கே முட்டுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். கிழக்கில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். சீதன வீடு பெண்ணுக்கு என்று பேச்சில் இருக்கும், உறுதி மட்டும் உம்மம்மாவின் பெயரிலேயே கிடக்கும். பெற்றோரின் பெயரில் உறுதி இருந்தால் ஒரு புள்ளி, பாட்டன் பாட்டியின் பெயரில் இருந்தால் அதைவிடக் குறைவு. வாப்பா பழைய மாணவர்தான், ஆனால் அவர் படித்தது அவர் பிறந்த ஊரில். அங்கே அந்தப் பிள்ளை வாழவில்லை.

இதைவிடக் கடுமையானது வடபுல முஸ்லிம்களின் நிலை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்தவர்களில் பலர், சொந்த மண்ணின் உரிமை அறுந்துவிடக் கூடாது என்று வாக்காளர் பதிவை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வைத்திருந்தார்கள். வாழ்வது ஓரிடம், பெயர் இருப்பது இன்னோரிடம். வீட்டை விட்டு வந்தபோது உறுதியும் வரவில்லை. பிள்ளைக்குப் பாடசாலை கேட்கும் நாளில் இந்தக் கடதாசிகள்தான் கேட்கப்படுகின்றன. 2004 கடற்கோளில் ஆவணங்களை இழந்த கிழக்குக் கரையோரக் குடும்பங்களும் இதே கேள்விக்கு முகம் கொடுத்தன.

ஆகவே போட்டியுள்ள பாடசாலையின் அனுமதிப் படிவம் ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றி மிகக் குறைவாகவே கேட்கிறது. அது கேட்பது குடும்பத்தின் கடந்த காலத்தை. உங்கள் வாப்பா எங்கே படித்தார், எத்தனை வருடமாக இங்கே வாக்கு இருக்கிறது, உறுதி யார் பெயரில், 1961இல் உங்கள் ஆட்கள் எத்தனை பேர் இங்கே இருந்தார்கள்? வரலாற்றில் அந்தந்த இடத்தில் இல்லாதிருந்தவர்களுக்குப் புள்ளி குறைகிறது.

ஊர்ப் பள்ளிக்கூடம் கேட்பது

எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் இவ்வளவும் கேட்பதில்லை. விண்ணப்பங்கள் இடத்தைவிடக் குறைவாக இருந்தால் புள்ளிக்கே வேலையில்லை. ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருப்பதைக் காட்டும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் போதும். கட்டாயக் கல்வி 1998 முதல் 5 – 14 வயதுக்கும், 2016இலிருந்து 16 வயது வரைக்கும் என்றாகியிருப்பதால் அது பிள்ளையின் உரிமையும்கூட.

இருந்தும் வசதியுள்ளவர் வேன் பிடித்து நகரத்துக்கு அனுப்புகிறார். வசதியில்லாதவர் கடன்பட்டு அனுப்புகிறார். நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளுள் தேசிய பாடசாலைகள் 400ஐ ஒட்டியவைதான். எல்லோரும் அந்த வாசலில் நின்றால் பெரும்பாலானோர் திரும்பத்தான் வேண்டும். இதற்கிடையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தொகை இறங்குகிறது. தொகை இறங்கினால் ஆசிரியர் ஆளணி இறங்கும். ஆளணி இறங்கினால் இரண்டு தரங்களை ஒரே ஆசிரியர் பார்ப்பார். அதைக் கண்டு இன்னும் இரண்டு பேர் பிள்ளையை எடுப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது எங்கும் போக முடியாதவர்களின் பிள்ளைகள். 'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்று அரசு ஒரு திட்டத்துக்குப் பெயர் வைத்தது. பெயரால் பாடசாலை சிறப்பாகாது. அங்கே பிள்ளை இருக்க வேண்டும், ஆசிரியர் இருக்க வேண்டும், கேள்வி கேட்கும் பெற்றோர் இருக்க வேண்டும்.

அதனால் என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பாடசாலையின் பெயரைப் பார்க்காதீர்கள், முதலாம் தர வகுப்பறையைப் போய்ப் பாருங்கள். ஆரம்பப் பிரிவில் பயிற்றப்பட்ட ஆசிரியர் இருக்கிறாரா? வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? மூன்றாம் தரப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடங்காமல் வாசிக்கிறதா? மலசலகூடமும் குடிதண்ணீரும் எப்படி? பிள்ளை நடந்து போகுமா, விடியற்காலை வேனில் தூங்கிக்கொண்டு போகுமா? பெரிய பாடசாலைக்கு விண்ணப்பிப்பதானால் சுற்றறிக்கையை முழுவதும் வாசியுங்கள். புள்ளியை நீங்களே கூட்டிப் பாருங்கள். நேர்முகப் பரீட்சைக்கு மூலப் பிரதிகளோடு போங்கள். தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்ய உரிமை உண்டு. காசு கொடுத்துப் பொய்யான வாடகை உடன்படிக்கை எழுதாதீர்கள். அந்தப் பொய்யால் வெளியே நிற்கப்போவதும் ஓர் ஐந்து வயதுப் பிள்ளைதான்.

ஆய்வு செய்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சேர்விடாப்புகளைக் கறையான் தின்கிறது. சம்பவத்திரட்டுப் புத்தகங்கள் கட்டடம் இடிக்கும்போது குப்பைக்குப் போகின்றன. நான் பார்த்த ஒரு பழைய இடாப்பில், பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே விலகிய காரணம் என்ற நிரலில் பக்கம் பக்கமாக ஒரே சொல் வருகிறது: வயது. அப்படி விலகிய உம்மாமாரின் பேத்திமார் இன்று அதே வகுப்பறைகளில் கற்பிக்கிறார்கள். இந்த மாற்றம் எந்தப் பத்தாண்டில், எந்த ஊரில், யாருடைய முயற்சியால் நடந்தது என்பதைப் பெரிய கல்லூரிகளின் மலர்களில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆசிரியராவது தன் பாடசாலையின் முதலாவது சேர்விடாப்பைப் படமெடுத்துப் பாதுகாத்தால், எங்கள் கல்வி வரலாற்றின் அடுத்த அத்தியாயத்தை அங்கிருந்து எழுதத் தொடங்கலாம்.