உலாவியும் தமிழும்

பிடோக் பொது நூலகத்தில் அமர்ந்து கணினியில் தமிழ்ப் பக்கமொன்றைப் படிக்கும் மாணவன், எழுத்துகள் பிழையின்றித் தோன்றுவதை இயல்பானதாகவே கருதுவான். ஆனால் அந்நிலை எளிதில் எய்தியதன்று. அதன் பின்னே தமிழறிஞர் சிலரின் உழைப்பும், உலகோர் பலரின் ஈகையும் உள்ளன.

வீட்டிற்குச் சாளரம் எத்தகையதோ, இணையத்திற்கு உலாவி அத்தகையது. முதல் உலாவியை டிம் பெர்னர்ஸ் லீ 1990இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1993 ஏப்ரல் 30ஆம் நாள் அந்நிறுவனம் வைய விரிவு வலையின் மென்பொருளைக் கட்டணமின்றி அனைவருக்கும் உரியதாக்கியது. எனினும், அக்கால உலாவிகள் உரோமன் எழுத்தையே நன்கறிந்திருந்தன. தமிழ் அச்சாளரத்தின் வெளியே நின்றது.

அதனை உள்ளே அழைத்து வந்தோருள் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முதன்மையானவர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த அவர், ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை அமைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலானோருடன் இணைந்து உழைத்தார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் தமிழ்க் கவிதையும் இடம்பெற்றது. 1997 மே திங்களில் இந்நகரிலேயே முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 மே திங்களில் கோவிந்தசாமி மறைந்தார். அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை.

ஆயினும் இடர் ஒன்று எஞ்சியிருந்தது. 1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியின் நான்காம் பதிப்பு ஒருவகை இயங்கு எழுத்துருவை ஏற்றது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்போ வேறொரு வகையை ஏற்றது. ஒன்றில் தெளிவாகத் தெரிந்த தமிழ்ப் பக்கம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாயிற்று. இரு வணிகரின் போட்டியில் நலிந்தது யார்? தமிழ்ப் படிப்பாளியே அல்லவா?

இந்நிலையில், 1998 மார்ச் 31ஆம் நாள் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை உலகோர்க்குத் திறந்துவிட்டது. மொசில்லா இயக்கம் பிறந்தது; 2004 நவம்பரில் பயர்பாக்சு முதற்பதிப்பு வெளிவந்தது. அப்போது இணையத்தில் உலவியோருள் பெரும்பாலோர் எக்ஸ்புளோரரையே பயன்படுத்தினர். மூலநிரல் திறந்திருந்தமையால், ‘தமிழா’ போன்ற தன்னார்வக் குழுவினர் எவரிடமும் கையேந்தாது மொசில்லாவின் கட்டளைச் சொற்களைத் தமிழாக்க முற்பட்டனர்.

புதிய உலாவியிலும் குறையில்லாமல் இல்லை. ஓரங்கள் இருபுறமும் நேராக்கப்பட்ட ஒருங்குறித் தமிழ்ப் பக்கங்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தம் எழுத்தைப் பிரிந்து நின்றன. அக்குறையைக் கண்டோர் அதனை வெளிப்படையாகப் பதிந்தனர். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு அதனைக் களைந்தது. திறந்த மூலத்தின் சிறப்பு குறையின்மையில் இல்லை. குறை கண்டவன் குரலெழுப்பவும் கைகொடுக்கவும் வழியிருத்தலே அதன் சிறப்பு.

2008இல் கூகுள் நிறுவனம் குரோமியத்தின் மூலநிரலை வெளியிட்டது. 2020 முதல் மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவியும் அதன்மேலேயே அமைந்துள்ளது. ஒருகாலத்தில் உலகையாண்ட எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் திங்களில் அதன் உரிமையாளரே விடைகொடுத்தனர். இன்று உலாவிகள் பலவாகத் தோன்றினும், அவற்றுட் பல குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தின்மேல் நிற்கின்றன. மூலம் திறந்திருந்தும் ஒரே தச்சன் எல்லா வீட்டுச் சாளரங்களையும் செய்தால், அவன் விருப்பமே ஊரின் காட்சியாகிவிடும். எனவே தனித்த அடித்தளமுடைய பயர்பாக்சு போன்றவற்றையும் பயன்படுத்திப் பார்த்தல் நன்று.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. பழகிய உலாவியோடு மற்றொன்றையும் நிறுவி, அதன் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே பொருந்தாச் சொல்லொன்று கண்ணிற் படலாம். மொசில்லாவின் மொழிபெயர்ப்புப் பணியில் எவரும் தன்னார்வலராகச் சேர்ந்து நல்ல சொல்லை முன்மொழியலாம். இலக்கணமும் சொல்வளமும் கற்றோர் ஒதுங்கி நின்றால், அவ்விடத்தைப் பிழைகளே நிரப்பும்.

சாளரம் பிறர் செய்ததாயினும், அதன்வழித் தெரியும் தமிழ் நம்முடையது. அதனைத் துலக்கி வைக்கும் பொறுப்பும் நம்முடையதே.