50 ஹெர்ட்ஸ் சுருதி

வீட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டையாவது பதிவு செய்து பார்த்தவர்களுக்கு அந்த 'ம்ம்ம்...' தெரிந்திருக்கும். பாடும்போது தெரியாது. பாட்டு முடிந்து ஹெட்போனில் கேட்கும்போதுதான் குரலுக்கு அடியில் யாரோ வாய் மூடி முனகுவதுபோல ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சிகாமட்டில் ஒரு தாமான் வீட்டுச் சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அந்த 50-உம் அதன் இரட்டிப்பான 100-உம்தான் இந்த முனகல். சங்கீதக் கணக்கில் சொன்னால் ஐந்து கட்டைச் சுருதிக்குக் கொஞ்சம் மேலே.

ஏன் 50? ஜெர்மனியின் ஏ.இ.ஜி நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 50-ஐ எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் 60-ஐ எடுத்துக்கொண்டது. பிரிட்டன் தன் தேசிய மின்கட்டமைப்பை 50-இல் அமைத்தது. பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றிய மலாயாவுக்கும் அதுவே வந்தது. அமெரிக்க வீட்டுப் பதிவில் இதே முனகல் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் கேட்கும். ஆக, நம்ம பதிவின் அடியில் ஓடும் சுருதியிலும் ஒரு காலனிய வரலாறு இருக்கு.

இந்த இரைச்சலோடு முதலில் மல்லுக்கட்டியவர்கள் இசைக்காரர்கள் இல்லை, தொலைபேசிக்காரர்கள். மின்விளக்குக் கம்பிகளும் டிராம் வண்டிகளும் தெருவுக்கு வந்தபோது பக்கத்தில் ஓடிய தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சல் ஏறியது. 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். யோசனை எளிமையானது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். குரல் எதிரெதிராக ஓடும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் இரைச்சல் போய்விடும், குரல் நிற்கும். மூன்று முள் மைக் கேபிள் இன்றைக்கும் செய்வது அதைத்தான். 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் கித்தாரில் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து ஹம்மை அடக்கியதும் இதே கழித்தல் கணக்குதான்.

அடுத்தது 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம். கேசட் காலத்து ஆள்களைக் கேட்டால் சொல்வார்கள். காந்த நாடாவின் துகள்களிலிருந்து பிறக்கும் சத்தம் அது; வெளியிலிருந்து வருவதில்லை, அதனால் கழித்தல் கணக்கு செல்லாது. இதற்கு வழி கண்ட ரே டோல்பி 1963 முதல் 1965 வரை ஐ.நா.வின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். இரைச்சல் குறைப்பு பற்றிய யோசனை அவருக்கு அங்கேதான் உருவானது. 1965-இல் லண்டனில் நிறுவனம் தொடங்கினார், 1966-இல் டெக்கா அவருடைய கருவியைப் பயன்படுத்த ஆரம்பித்தது. மெல்லிய ஒலியைப் பதியும்போதே தூக்கிப் பதிந்து, திரும்பக் கேட்கும்போது அதே அளவுக்கு இறக்குவது அவர் முறை. இறக்கும்போது நாடாவின் சீற்றமும் சேர்ந்து சுமார் 10 டெசிபல் இறங்கிவிடும். வீட்டு டெக்குகளில் இருந்த 'டோல்பி' பொத்தான் இதன் சின்னத் தம்பி. அந்தப் பொத்தானைப் போட்டுப் பதிந்த பழைய கேசட்டை இப்போது பொத்தான் இல்லாத டெக்கில் ஓட்டி கணினியில் ஏற்றினால் சீற்றம் கூடுதலாகத்தான் கேட்கும்.

மூன்றாவது வகைக்கு மருந்தே கிடையாது. 1920-களின் பிற்பாதியில் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் ஒன்றைக் கண்டார்: எந்த மின்தடையும், மின்சாரம் பாயாமல் சும்மா கிடந்தாலும், சூட்டினாலேயே இரைச்சல் போடும். ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் அதற்குக் கணக்குச் சொன்னார். 150 ஓம் மைக் ஒன்று அறை வெப்பத்தில் சுமார் 0.2 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானே உண்டாக்கும். அதற்குக் கீழே யாராலும் போக முடியாது.

இந்த மூன்றையும் பிரித்துத் தெரிந்தால் வீட்டில் தேடுவது சுலபம். முதலில் மைக்கைக் கழற்றிப் பாருங்க. முனகல் நின்றால் மைக் பக்கம், நிற்காவிட்டால் கருவிப் பக்கம். பிறகு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்க. அப்போது நின்றால், சார்ஜர் வழியாகவும் ஸ்பீக்கர் வழியாகவும் இரண்டு பாதையில் எர்த்துக்குப் போகும் வளையம்தான் காரணம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். எர்த் முள்ளைக் கழற்றிவிடச் சொல்லும் வைத்தியம் மட்டும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து. பிறகு ஃபிரிட்ஜ், விசிறி ரெகுலேட்டர், விளக்கு என ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்க.

இவ்வளவு சிரமம் எதற்கு, பதிந்த பிறகு மென்பொருளில் துடைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். 1979-இல் ஸ்டீவன் போல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை, மாறாமல் ஒரே சீராக ஓடும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. தம்பூரா ஒரே சீராகத்தான் ஓடும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒப்பாரிக்கு நடுவில் இழுக்கும் மூக்கொலியும் அப்படித்தான். மென்பொருளுக்கு ஹம்மும் பாட்டியும் ஒன்று. நம் பக்கத்தில் ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, பாடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னொரு தடவை பாடச் சொல்ல ஆள் இருக்காது.

இன்னொரு விஷயமும் இருக்கு. மின்சாரம் சரியாக 50-இல் நிற்பதில்லை. நொடிக்கு நொடி ஒரு துளி ஏறி இறங்கும். ஒரே மின்கட்டமைப்பு என்பதால் சிகாமட்டிலும் பினாங்கிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் திரும்ப அப்படியே வருவதில்லை. லண்டன் காவல்துறையின் தடயவியல் ஆய்வகம் 2000-களிலிருந்து இதைத் தொடர்ந்து பதிந்து வைத்து, ஒலிப்பதிவுகள் எப்போது எடுக்கப்பட்டவை என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறது. நாம் துடைத்து எறியப் பார்க்கும் அந்த முனகல் அங்கே சாட்சி சொல்கிறது.

அதனால் பதிவதற்கு முன்னால் இரைச்சலைத் தேடி அணையுங்க. பதிந்த பிறகு துடைப்பதென்றால் ஒரு பிரதியில் துடையுங்க. மூலக் கோப்பு, அதன் ஹம்மோடும் விசிறிச் சத்தத்தோடும், யார் பாடினார்கள், எந்த ஊர், எந்த நாள் என்ற குறிப்போடு அப்படியே இருக்கட்டும்.