டில்லியில் திடீர் இதய நிறுத்தம்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

1969-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி காலையில், வழக்கமான பரிசோதனைக்கென்று வைத்தியர்கள் வந்திருந்த வேளையிலேயே, ஜனாதிபதி ஜாகிர் ஹுசேன் ராஷ்டிரபதி பவனத்தில் குளியலறைக்குச் சென்றவர் அங்கேயே விழுந்து உயிர் நீத்தார். எட்டாண்டு நிறைவதற்குள், 1977 பிப்ரவரி 11 அன்று, அப்போதைய ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமதும் அதே மாளிகையில் மாரடைப்பினால் காலமானார். சிகிச்சைக்குரிய சகல சௌகரியங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இருவரையே இருதய நோய் இப்படிக் கொண்டுபோயிற்று என்றால், அதே நகரில் சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவனையும், சர்க்கார் குவார்ட்டர்ஸில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் குமாஸ்தாவையும் அது எவ்வாறு கொண்டுபோயிருக்கும் என்பதைச் சரித்திரம் எங்கும் எழுதி வைக்கவில்லை.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றென்றே பலர் எண்ணுகிறார்கள். மாரடைப்பாவது இருதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளம் அடைபடுவது. நோயாளி வலியால் துடிப்பார், பேசுவார், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவும் கூடும். இதய நிறுத்தத்திலோ, பெரும்பாலும் மின்னோட்டத்தின் ஒழுங்கு குலைந்து, இருதயத்தின் கீழறைகள் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமே நடுங்க, மனிதர் நின்ற இடத்திலேயே பிரக்ஞை இழந்து சாய்கிறார், நாடி அற்றுப்போகிறது, நான்கைந்து நிமிஷங்களில் மூளை சேதமடையத் தொடங்குகிறது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வீதம் குறைகிறது என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆகவே இந்த வியாதியின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவன் ஆஸ்பத்திரிகளை மட்டும் பார்த்தால் போதாது. அவற்றுக்கு வெளியே கழிந்த நிமிஷங்களையும் பார்க்க வேண்டும்.

டில்லியில் இருதய வைத்தியம் வேரூன்றியதைச் சொல்லும்போது ஒரு தமிழ்ப் பெண்மணியின் பெயரையே முதலில் சொல்ல வேண்டும். 1917-இல் பர்மாவில் பிறந்து, யுத்தத்தின் காரணமாக 1942-இல் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்து, பின்னர் லண்டனிலும் அமெரிக்காவிலும் பயின்று திரும்பிய டாக்டர் எஸ். ஐ. பத்மாவதி, 1953-இல் லேடி ஹார்டிஞ்ஜ் கல்லூரியில் சேர்ந்து, அடுத்த ஆண்டிலேயே இருதய நோயாளிகளுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். 1962-இல் அகில இந்திய இருதய ஸ்தாபனத்தையும், 1981-இல் தேசிய இருதய நிலையத்தையும் நிறுவினார். அக்காலத்தில் அவர்முன் வந்து நின்றவர்களில் மிகப் பலர், வாதக் காய்ச்சலினால் இருதய வால்வு கெட்ட ஏழைக் குழந்தைகளும் இளம்பெண்களுமே. மெல்ல மெல்லக் கொல்லும் அந்நோய்க்கு ஆஸ்பத்திரியின் கதவு போதுமானதாயிருந்தது. நோயாளி நடந்தோ தூக்கப்பட்டோ அங்கே வந்து சேர அவகாசம் இருந்தது.

1966-ஆம் ஆண்டு எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. இருதய வைத்தியர்களின் ஐந்தாவது உலக மகாநாடு அவ்வாண்டு புது டில்லியில் கூடிற்று. அதே ஆண்டில் அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் பிராங்க் பான்ட்ரிட்ஜ் என்னும் வைத்தியர், மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஒரு வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டு வாசலுக்கே அனுப்பத் தொடங்கினார். வெறும் கைகளால் மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தை நிலைநிறுத்தும் முறையை, அதற்கு ஆறாண்டு முன்னரே, 1960-இல், பால்டிமோரில் கூவன்ஹோவனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டிருந்தனர். ஞானம் டில்லி வரையில் வந்துவிட்டது, வண்டி வரவில்லை. நகரமெங்கும் ஓடும் சர்க்கார் ஆம்புலன்ஸ் சேவை ஒன்று அமைவதற்கு 1990-களின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் விபத்துகளை முதன்மையாகக் கருதி எழுந்ததே. ஜி. பி. பந்த் ஆஸ்பத்திரி அதற்கு முன்பே எழுந்திருந்தது. எய்ம்ஸில் 1994 ஆகஸ்டு 3 அன்று டாக்டர் வேணுகோபால் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். இவற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் துணியேன். ஆயினும் உயிர் காக்கும் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பொன்னால் செய்துவிட்டு, முதற் கண்ணியைக் கோக்கவே மறந்தோம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குள் நோயே மாறிவிட்டது. 25 முதல் 64 வயது வரையுள்ள டில்லிவாசிகளிடையே நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஆயிரத்துக்கு ஏறக்குறைய 97 பேருக்கு இருதய நாள நோய் இருப்பதாகக் கண்டது. பக்கத்து ஹரியானாக் கிராமங்களில் அது 27-தான். உட்கார்ந்து செய்யும் உத்தியோகம், புகை, உப்பு, நெய், கவலை ஆகியவற்றோடு வந்த இந்நோய் சம்பாதிக்கும் வயதில் தாக்குகிறது என்பதில்தான் அதன் பொருளாதாரக் கொடுமை அடங்கியிருக்கிறது. இருதய, ரத்தநாள நோய்களால் 2000-ஆம் ஆண்டில் மட்டும் 35 முதல் 64 வயதுக்குட்பட்ட இந்தியர் இழந்த உழைப்பாண்டுகள் 92 லட்சம் என்றும், 2030-இல் அது 1 கோடியே 79 லட்சமாகும் என்றும் 2004-இல் வெளியான ஒரு சர்வதேச அறிக்கை கணித்தது. நாட்டின் மொத்த மரணங்களில் இந்நோய்களின் பங்கு 1990-இல் 15.2 விழுக்காடு, 2016-இல் 28.1. மத்திய சர்க்கார் ஊழியனுக்கு 1954 முதலே வைத்தியத் திட்டம் உண்டு, அவன் மனைவிக்குக் குடும்பப் பென்ஷனும் உண்டு. ஆட்டோ ஓட்டியவன் வீட்டிலோ, அவன் விழுந்த அன்றே வருமானம் நின்று, வண்டிக் கடனின் தவணை மட்டும் நிற்காமல் தொடர்கிறது.

சிகிச்சையின் விலை குறையாமல் இல்லை. அப்துல் கலாம் டாக்டர் சோமராஜுவோடு சேர்ந்து 1990-களில் மலிவான ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார்; 2017 பிப்ரவரியில் மருந்து விலை ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. ஆனால் ஸ்டென்ட் உயிரோடு ஆஸ்பத்திரி சேர்ந்தவனுக்கே பயன்படும். கலாம் அவர்களே 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மேடையில் பேசிக்கொண்டிருக்கையில் சரிந்து விழுந்தார்.

டில்லியில் நெடுநாள் வசித்தவர்கள் இக்காட்சியை அறிவார்கள். மாடியில் ஒருவர் விழுகிறார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார், மற்றொருவர் உள்ளங்காலைத் தேய்க்கிறார். லிப்ட் இல்லாத குறுகிய படிக்கட்டில், நாற்காலியில் உட்காரவைத்து நால்வர் இறக்குகிறார்கள். திருப்பத்தில் நாற்காலிக் கால் சுவரில் முட்டி நிற்கிறது. கீழே கார் எடுக்க வழியில்லாமல் வேறு கார் நிற்கிறது. அன்பில் அங்கே எவருக்கும் குறைவில்லை. தரையில் கிடத்தி, மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை ஊன்றி, அதன்மேல் மறுகையைக் கோத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்த வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை.

சமீப காலத்தில் பார்வை இத்திசையில் திரும்பியிருக்கிறது. 2019 ஏப்ரலில் எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து, எய்ம்ஸைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள், பயிற்சி பெற்ற செவிலியரை மோட்டார் சைக்கிளில் அனுப்பத் தொடங்கின. பான்ட்ரிட்ஜின் வண்டி அரை நூற்றாண்டுக்குப் பின் டில்லியின் நெரிசலுக்கேற்ற உருவில் வந்து சேர்ந்ததென்றே இதைக் கொள்கிறேன். 2023 டிசம்பர் 6 அன்று மார்பு அழுத்தும் முறையைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கும் தேசிய இயக்கமும் தொடங்கிற்று. இதற்கிடையே 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்பளித்தது. பஸ் நிறுத்தத்தில் இருதயம் நின்று விழுந்தவருக்கு உதவுபவர் அந்த ஷரத்தின் சொற்களுக்குள் வரவில்லை.

இன்னுமொரு தடை கணக்கில் இருக்கிறது. 2020-இல் நாட்டில் பதிவான மரணங்களில் வைத்தியர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 விழுக்காடே, எழுதிய இடங்களிலும் ‘இருதயமும் சுவாசமும் நின்றமையால்’ என்ற வாசகம் அடிக்கடி வருகிறது. எல்லா மரணமும் அப்படித்தான் முடிகிறது, அது காரணமாகாது. சான்றிதழ்களில் கிடைக்காத விடையை எய்ம்ஸின் ஆராய்ச்சியாளர்கள் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் தேடினார்கள். 2023 மே முதல் ஓராண்டில் அங்கு வந்த 2,214 உடல்களில் 180 திடீர் மரணத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் 103 பேர் பதினெட்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினர்.