கலைச் சிகிச்சை

படம் வரைதல், வண்ணம் தீட்டுதல், களிமண் உருவம் செய்தல் வழியாக மனத்துயரையும் நோயின் அயர்ச்சியையும் ஆற்றும் முறை கலைச் சிகிச்சை எனப்படும். குகை ஓவியங்களிலேயே இதன் வேரைத் தேடுவோர் உண்டு. அது பெருமைக்குச் சொல்வது. தனித்தொழிலாக இதற்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை.

முன்னோடிகளில் ஒருவர் மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளின் மனநலக் காப்பகங்களிலிருந்து நோயாளிகளின் படைப்புகள் சுமார் 5,000ஐ ஹைடல்பெர்க்கில் திரட்டி, 1922இல் அவற்றைப் பற்றி நூல் எழுதினார். குணப்படுத்துவது அவர் நோக்கமன்று. நவீன ஓவியர்கள் அந்நூலைக் கொண்டாடினர்; நாஜிகளோ அத்தொகுப்பின் சில படங்களைச் ‘சீர்கெட்ட கலை’ கண்காட்சியில் வைத்து, நவீன ஓவியத்தையும் நோயாளிகளையும் சேர்த்தே இழிவுபடுத்தினர்.

சிகிச்சை என்ற பெயர் பிரிட்டனில் பிறந்தது. ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938இல் காசநோயால் சசெக்ஸின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்தார். காசத்துக்கு உரிய மருந்து அப்போது இல்லை. மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பதே வைத்தியம். கட்டிலில் இருந்தபடியே கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். பின்பு, அங்கு வந்த போர்க் காயம்பட்ட வீரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1942இல் ‘கலைச் சிகிச்சை’ என்னும் பெயரை வழங்கிய அவர், 1945இல் தம் அனுபவத்தை நூலாக்கினார்.

ஓவியர் எட்வர்ட் ஆடம்சன் 1946இல் சர்ரேயின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் நடத்தத் தொடங்கினார். மூளை அறுவையும் மின்னதிர்ச்சியும் வழக்கமாயிருந்த காலம் அது. அவர் பாடம் நடத்தவில்லை, படத்துக்குப் பொருள் சொல்லவும் இல்லை. வரைய இடம் கொடுத்துக் கூடவே இருந்தார்.

அமெரிக்காவில் மார்கரெட் நௌம்பர்க் வேறு வழி போனார். ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வைப் பின்பற்றி, 1940களில் நியூயார்க் மனநல நிறுவனத்தில் சிறுவர்களை வரையச் சொல்லி, அப்படங்களைப் பற்றி அவர்களையே பேசவைத்தார். அவருக்குப் படம் அடிமனத்தின் பேச்சு. ஈடித் கிராமரோ, படைக்கும் செயலே ஆற்றுகிறது என்று வாதிட்டார். இத்துறையின் உண்மையான வழக்கு இதுதான். இன்றும் தீர்ப்பு வரவில்லை.

கிராமர் அந்நம்பிக்கையை நூல்களில் மட்டும் பெறவில்லை. வியன்னாவில் பிறந்த அவர், பிராகில் அகதிக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைசுக்கு உதவியாக இருந்தவர். 1938இல் அமெரிக்கா சென்று நாஜிகளிடமிருந்து தப்பினார். ஆசிரியை தப்பவில்லை. யூதர்களை நாஜிகள் அடைத்த தெரெசின் முகாமில் இருந்தபோதும் குழந்தைகளை வரையவைத்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் முகாமில் இரு பெட்டிகளில் விட்டுச்சென்ற சுமார் 4,500 குழந்தை ஓவியங்கள் பின்னர் பிராக் யூத அருங்காட்சியகத்தை அடைந்தன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

பிரிட்டனில் 1964இலும் அமெரிக்காவில் 1969இலும் கலைச் சிகிச்சையாளர்களின் தொழில்முறைச் சங்கங்கள் உருவாயின. இன்று பிரிட்டனில் முறைப்படி பதிவு செய்யாத எவரும் தம்மைக் கலைச் சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.